பிடிச்ச படத்தைச் சொல்லலாம்... பிறந்த வருஷத்தைச் சொல்லலாமா? - ஸ்டேட்டஸ் க்விஸ்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு!

டீயா, காபியா? ராஜாவா, ரஹ்மானா? பீச்சா, மலையா? பரோட்டாவா, பிரியாணியா? ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டா, நைட் ஷிஃப்ட்டா?

கடைசிக் கேள்வி மட்டும் சிப்காட் ஏரியா ஸ்பெஷல். மற்றதெல்லாம் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டா ஸ்டோரியிலும் ஓடிக்கொண்டிருக்கும் கேள்விகள்தான். 'ஒரு நம்பர் சொல்லு, அதுக்கான கேள்விக்குப் பதில் சொல்றேன்', 'என்னைப் பத்தி உனக்கு எவ்ளோ தெரியும்? 10 கேள்வி, லிங்க் உள்ளே', 'நீங்க எந்த சினிமா கேரக்டர்?' என்று தினமும் ஏதாவது ஒன்று வந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

சென்னை மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லோக்கல் ட்ரெயினில் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன்கள் கடக்கக் கடக்க, சீட் கிடைத்தவர்கள் தூங்குவார்கள். கிடைக்காதவர்கள் போனை எடுப்பார்கள். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் வளாகங்களில் வேலைபார்க்கும் இளைஞர்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள், வெளி மாநிலத்துக்காரர்கள். ஒரே ரூமில் நாலு பேர், நாலு ஊர், ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருத்தர் வேலைக்குக் கிளம்பும்போது இன்னொருத்தர் அப்போதுதான் வந்து படுத்திருப்பார். இந்த வாழ்க்கையில் 'உனக்கு என்ன பாட்டு பிடிக்கும்?' என்று யாராவது கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். பதில் சொல்லத் தோன்றுவதும் இயல்புதான்.

அதில் தப்பே இல்லை. ஆனால், அந்தப் பதில் கேட்டவரோடு நின்றுவிடுகிறதா, வேறு எங்காவது போகிறதா? அதைத் தெரிந்துகொண்டு விளையாடினால் இன்னும் நல்லது.

ஸ்லாம் புக்கில் ஆரம்பித்தது

90ஸ் கிட்ஸிடம் கேட்டால் 'இதெல்லாம் நாங்க ஸ்லாம் புக்லயே பண்ணிட்டோம்' என்பார்கள். உண்மைதான். ப்ளஸ் டூ முடியும்போது கலர் கலராக ஒரு நோட்டு வகுப்பு முழுக்கச் சுற்றும். பிடிச்ச ஹீரோ, பிடிச்ச கலர், லட்சியம், மறக்க முடியாத நாள், கடைசியில் 'என்னைப் பத்தி நாலு வார்த்தை'. அந்த நாலு வார்த்தையைப் படிக்கத்தான் மொத்த நோட்டையும் கொடுத்திருப்பார்கள்.

இதற்கும் முன்னோடி உண்டு. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் 'கன்ஃபெஷன் ஆல்பம்' என்ற விளையாட்டு பிரபலம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆல்பத்தை நீட்டி, பிடித்த பூ, பிடித்த எழுத்தாளர், எது உங்களுக்குச் சந்தோஷம் என்று எழுதி வாங்குவார்கள். 1886 வாக்கில் ஒரு தோழியின் ஆல்பத்தில் இப்படி எழுதிக்கொடுத்த டீன் ஏஜ் பையன், பின்னாளில் பிரான்ஸின் பெரிய நாவலாசிரியர் ஆனார். பெயர் மார்செல் ப்ரூஸ்ட். பிரபலங்களின் பேட்டிகளில் இன்றும் வரும் 'ப்ரூஸ்ட் கேள்விகள்' அவர் பெயரில் வந்தவைதான்.

கேள்வி விளையாட்டு மனிதர்களை நெருக்கமாக்கும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 1997-ல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவருடைய குழுவும், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, 36 கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கச் சொன்னார்கள். சாதாரணக் கேள்வியில் தொடங்கி, போகப் போக மனசுக்குள் போகும் கேள்விகள். சுமார் 45 நிமிடம்தான். முடிந்தபோது, வெறுமனே ஊர்க்கதை பேசிய ஜோடிகளைவிட இவர்கள் அதிகம் நெருக்கமாக உணர்ந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அங்கே இரண்டு பேருமே பதில் சொன்னார்கள். ஸ்லாம் புக்கிலும் அப்படித்தான். நான் உன் நோட்டில் எழுதுவேன், நீ என் நோட்டில் எழுதுவாய். நோட்டு யார் பையில் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். இன்றைய லிங்க் க்விஸ்ஸில் இந்த இரண்டுமே இல்லை. நாம் பதில் சொல்கிறோம்; எதிர்ப்பக்கம் யார், நோட்டு யாரிடம் என்பது தெரியாது.

'அய்யோ, அப்படியே என்னைச் சொல்லுதே!'

'நீங்கள் வெளியே சிரித்தாலும் உள்ளே நிறைய யோசிப்பவர். எல்லோரையும் எளிதில் நம்ப மாட்டீர்கள். உங்கள் திறமையை இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை.' க்விஸ் ரிசல்ட்டில் இப்படி வந்தால் உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம், இல்லையா?

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் வைத்தார். பிறகு, 'இது உனக்கான ரிசல்ட்' என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால், 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

யாருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதினால், எல்லோரும் 'இது நான்தான்' என்பார்கள். கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டு முதல் ராசிபலன் வரை இதே கதைதான். கிளி ஜோசியரிடம் பத்தோ இருபதோ கொடுத்துவிட்டு வந்துவிடுவோம், அதோடு கணக்கு முடிந்தது. க்விஸ்ஸுக்குக் காசே வாங்கவில்லையே... அப்போது அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

லிங்க்குக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

முதல் வருமானம் விளம்பரம். 10 கேள்வி என்றால் பெரும்பாலும் 10 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் விளம்பரம். முடிந்ததும் 'உன் நண்பர்களுக்கு அனுப்பு' என்று வரும். நாம் 20 பேருக்கு அனுப்பினால், அதில் ஐந்து பேர் விளையாடினால்கூட இன்னும் 50 பக்கம். அந்தத் தளத்துக்குச் செலவில்லாமல் வேலைபார்க்கிற ஆள் நாம்தான்.

இரண்டாவது, அனுமதி. 'ரிசல்ட் பார்க்க ஃபேஸ்புக் வழியா லாகின் பண்ணுங்க', 'நோட்டிஃபிகேஷனை அலோ பண்ணுங்க', 'கான்டாக்ட்ஸ் பார்க்க அனுமதி கொடுங்க'. பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி முடித்து, ரிசல்ட் வரப்போகிற நேரத்தில் இதைக் கேட்பார்கள். இவ்வளவு தூரம் வந்துட்டோமேன்னு நாமளும் 'ஓகே' தட்டிடுவோம்.

மூன்றாவது, பதில்களே சரக்கு. பிடித்த சோப்பு, பிடித்த பைக், கல்யாணம் ஆகிவிட்டதா, எந்த ஊர் என்பதெல்லாம் மார்க்கெட்டிங் கம்பெனிகள் சர்வே எடுத்து, காசு கொடுத்து வாங்குகிற தகவல்கள். விளையாட்டு என்று பேர் வைத்தால் இலவசமாகக் கிடைத்துவிடும்.

335 பேர் விளையாடினார்கள்... 5.62 லட்சம் பேர் சிக்கினார்கள்

'என்னைப் பற்றித் தெரிந்து யாருக்கு என்ன லாபம்?' என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கணக்கு.

'திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்' என்று ஃபேஸ்புக்கில் ஒரு பெர்சனாலிட்டி க்விஸ் ஆப் இருந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்சாண்டர் கோகன் என்ற ஆய்வாளர் உருவாக்கியது. உலகம் முழுக்க சுமார் 2.7 லட்சம் பேர் அதை இன்ஸ்டால் செய்தார்கள். அன்றைய ஃபேஸ்புக் விதிப்படி, ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் தகவல்களையும் ஆப் எடுக்க முடியும். அப்படிச் சேர்ந்த தகவல்கள், தேர்தல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவுக்குப் போயின. 2018 மார்ச்சில் விஷயம் வெடித்தபோது, 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது.

இந்தியக் கணக்கு இன்னும் சுவாரஸ்யம். இங்கே அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தவர்கள் வெறும் 335 பேர். ஆனால், தகவல் போயிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். அதாவது, ஒருவர் விளையாடியதற்கு சராசரியாக 1,600-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் போயிருக்கின்றன. அந்த ஐந்தரை லட்சம் பேர் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. விளையாடியவரோட ஃப்ரெண்டா இருந்தாங்க, அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா 2018 மே மாதம் மூடப்பட்டது. 2019-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. நண்பர்களின் தகவலை எடுக்கும் அந்த வழியை ஃபேஸ்புக் அதற்கு முன்பே அடைத்துவிட்டது. ஆனால், 'கான்டாக்ட்ஸ் பார்க்க அலோ' என்பதைத் தட்டும்போது இன்றும் நாம் நம் போனில் இருக்கும் மற்றவர்களின் பெயரையும் நம்பரையும்தான் தூக்கிக் கொடுக்கிறோம். அதில் அம்மா நம்பரும் இருக்கிறது, சூப்பர்வைஸர் நம்பரும் இருக்கிறது.

ரூம்மேட்டைவிட நன்றாகத் தெரியும்!

ரசனை சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால், நிறைய ரசனைகளைச் சேர்த்துவைத்தால் ஆளையே படிக்க முடியும். 2015-ல் கேம்பிரிட்ஜ், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்ட லைக்குகளை மட்டும் வைத்து, அவர் குணத்தைக் கம்ப்யூட்டர் எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று பார்த்தார்கள். 10 லைக் இருந்தால் கூட வேலைபார்ப்பவரைவிடச் சரியாகக் கணித்தது. 70 இருந்தால் ரூம்மேட்டையும் நண்பரையும்விட. 150 இருந்தால் குடும்பத்தினரைவிட. கணவன் அல்லது மனைவியை மிஞ்ச 300 லைக் தேவைப்பட்டது.

தனியாகப் பார்த்தால் 'ராஜாவா, ரஹ்மானா?' என்பதில் எந்த ரகசியமும் இல்லை. அதே ஆளிடம், அதே தளம், நூறு கேள்வி கேட்டு வைத்திருந்தால் கதை வேறு.

பிரியாணிக்கும் பாஸ்வேர்டுக்கும் என்ன சம்பந்தம்?

பாஸ்வேர்டு மறந்துபோனால் சில தளங்கள் 'உங்களுக்குப் பிடித்த உணவு?', 'முதல் பள்ளி?' என்று கேட்கும். 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் 'பிடித்த உணவு' என்ற கேள்விக்கு, ஒரே ஒரு யூகத்தில் சரியான பதிலைப் பிடிக்கும் வாய்ப்பு 19.7 சதவிகிதம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்! அவர்களுக்கு பீட்சா. நம் ஊரில் என்னவாக இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பாலினின் யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தது இந்த வழியில்தான். பிறந்த தேதி, ஊரின் பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற கேள்விகளுக்கான பதில்களை இணையத்தில் தேடி எடுத்துவிட்டார்.

'அவங்க பெரிய ஆளு, நமக்கு என்ன?' என்று நினைத்தால், உங்கள் போனில் இருக்கும் இ-ஆதார் பி.டி.எஃப்-பைத் திறந்து பாருங்கள். அதன் பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்தும் (பெரிய எழுத்தில்) பிறந்த வருஷமும். இ-பான் ஃபைலுக்கு பாஸ்வேர்டு பிறந்த தேதி. பல வங்கிகளின் ஸ்டேட்மென்ட் ஃபைல்களும் பெயர், பிறந்த தேதி கலவையில்தான் பூட்டப்பட்டிருக்கும்.

வேலைக்குச் சேரும்போது இந்த ஃபைல்களை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்போம்? கான்ட்ராக்டர், கன்சல்டன்சி, பிரவுசிங் சென்டர், ரூம் ஓனர், சிம் கார்டு கடை. ஃபைல் ஏற்கெனவே பல போன்களில் கிடக்கிறது. 'உன் பிறந்த மாசமும் வருஷமும் சொல்லு, நீ எந்த ஹீரோன்னு சொல்றேன்' என்ற விளையாட்டில் நாம் கொடுப்பது அந்தப் பூட்டின் சாவி. பிறந்த தேதியையே ஏ.டி.எம் பின்னாகவும் யு.பி.ஐ பின்னாகவும் வைத்திருந்தால், அது சம்பள அக்கவுன்ட்டின் சாவியும்கூட.

செல்லப்பேர் இன்னொரு விஷயம். 2021 நவம்பரில் இன்ஸ்டாகிராமின் 'ஆட் யுவர்ஸ்' ஸ்டிக்கர் வந்த புதிதில், 'உங்களை எப்படியெல்லாம் கூப்பிடுவாங்க?' என்ற விளையாட்டு இந்தோனேசியாவில் வைரலானது. அதில் ஒருவர் போட்ட செல்லப்பேரைப் பார்த்து, மோசடி ஆள் அதே பேரைச் சொல்லிப் பேச, நெருங்கியவர்தான் என்று நம்பிப் பணம் அனுப்பிவிட்டார் என்ற செய்தி அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. வீட்டில் மட்டும் கூப்பிடும் பேரை ஒருத்தர் சொன்னால் நாமும் நம்பத்தானே செய்வோம்?

'பேர் சொல்லாமல் கேள், உண்மையைச் சொல்றேன்'

கேட்பவர் யாரென்றே தெரியாத விளையாட்டுகளும் உண்டு. 2017-ல் 'சராஹா' என்ற ஆப் இந்தியாவிலும் பரவியது. பெயர் தெரியாமல் யாரும் யாருக்கும் மெசேஜ் அனுப்பலாம். அது போனில் இருக்கும் கான்டாக்ட்ஸைத் தன் சர்வருக்கு ஏற்றுகிறது என்பது சில வாரங்களில் தெரியவந்தது. பிறகு 'என்.ஜி.எல்' வந்தது. அதில் வந்த கேள்விகளில் சில, நண்பர்கள் கேட்டவையே இல்லை. ஆப்பே தயாரித்து அனுப்பிய போலி மெசேஜ்கள். 'யார் கேட்டதுன்னு தெரியணுமா? காசு கட்டு' என்று சந்தா வேறு. 2024 ஜூலையில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில், 50 லட்சம் டாலர் கட்டவும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆப்பைக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

'யாரோ ஒருத்தர் என்னைப் பத்தி யோசிக்கிறாங்க' என்ற ஆசைக்குத்தான் அங்கே விலை. ஹாஸ்டலிலும் ரூமிலும் தனியாக இருப்பவர்களிடம் அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அப்போ விளையாடவே கூடாதா?

தாராளமா விளையாடலாம். கேள்வியை மூணு வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

தாராளமாகச் சொல்லலாம்: பிடித்த படம், பாட்டு, சாப்பாடு, டீம், நடிகர், போகவிரும்பும் ஊர். இதில் எதையும் பாஸ்வேர்டாகவோ, பாஸ்வேர்டு மறந்தால் கேட்கும் கேள்விக்குப் பதிலாகவோ வைக்காமல் இருந்தால் சரி.

தெரிந்தவரிடம் நேரில் மட்டும்: செல்லப்பேர், முதல் காதல், படித்த பள்ளி, வீட்டில் யார் யார், எந்தக் கம்பெனி, எந்த ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் என்று ஸ்டேட்டஸில் போட்டால், ராத்திரி ரூமில் ஆள் இல்லை என்பதும் அதில் அடக்கம்.

யார் கேட்டாலும் விளையாட்டில் வேண்டாம்: பிறந்த தேதி, வருஷம், அம்மாவின் பெயர், போன் நம்பரின் கடைசி எண்கள், ஐ.டி கார்டு போட்டோ, ஓ.டி.பி. ஓ.டி.பி கேட்கிற எதுவும் க்விஸ்ஸே கிடையாது.

லாகின் கேட்டால், ரிசல்ட்டைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுங்கள். நீங்க எந்த கேரக்டர்னு தெரியாமப் போனா பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

'ஏற்கெனவே நிறைய விளையாடிட்டேனே?'

பதற்றம் வேண்டாம். பத்து நிமிஷ வேலைதான்.

ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்ற இடத்துக்குப் போனால், நீங்கள் எப்போதோ அனுமதித்த ஆப்களின் பட்டியல் இருக்கும். தெரியாததையெல்லாம் நீக்குங்கள். கூகுள் அக்கவுன்ட்டிலும் பாதுகாப்புப் பகுதியில் இதேபோல மற்ற ஆப்களுடனான இணைப்புகளைப் பார்த்து நீக்கலாம். போன் செட்டிங்ஸில், கான்டாக்ட்ஸ் அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்று பார்த்து அணைத்துவிடுங்கள். பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதிகளையும் துடைத்துவிடுங்கள்.

பின் நம்பர் பிறந்த தேதியாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். இனி ஆதார் கொடுக்கவேண்டிய இடத்தில், ஏற்றுக்கொள்வார்கள் என்றால், கடைசி நாலு எண்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அதை டவுன்லோடு செய்யலாம்.

பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தேசிய சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நடுவில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சட்டமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எதற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்றுத்தான் வாங்கவேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை என்கிறது அது. ஆனால், பேரும் ஊரும் தெரியாத க்விஸ் தளத்தைத் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை. முதலிலேயே கொடுக்காமல் இருப்பதுதான் சுலபம்.

லிங்க் வேண்டாம், லாகின் வேண்டாம்... இந்த அஞ்சு கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே கண்டிஷன், நீங்களும் பதில் சொல்லணும்.

1. உங்க ஊர்ல எந்தக் கடைச் சாப்பாட்டுக்காக பஸ் ஏறிப் போவீங்க?
2. முதல் சம்பளத்துல வாங்குன பொருள் இப்போ எங்கே இருக்கு?
3. எந்தப் பாட்டு வந்தா ஸ்கிப் பண்ணவே மாட்டீங்க?
4. வேலைக்கு வந்த புதுசுல யாரு உங்களுக்கு முதல்ல டீ வாங்கிக் கொடுத்தா?
5. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா முதல்ல யாரைப் பார்ப்பீங்க?